கனடா ஐயாவும் பதினெட்டு ரப்புகளும்

எதைக் கொடுத்தாலும் அவர் உடனே விடமாட்டார். புத்தகப் பையோ சப்பாத்துப் பெட்டியோ, ஒரு பிள்ளையிடம் நீட்டுவார். பிள்ளை பிடித்த பிறகும் அவருடைய கை மறுபக்கத்தைப் பிடித்தபடியே இருக்கும். முகம் பிள்ளையைப் பாராது, கமெராவைப் பார்க்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. தந்தாயிற்றுத்தானே என்று இழுப்பார்கள். அவர் விடார். பிள்ளை இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கும். சிரித்த முகம் மாறாமல், உதடு அசையாமல், "பொறு பிள்ளை, பொறு" என்பார். நாலைந்து படம் எடுத்த பிறகுதான் பிடி தளரும். ஒருமுறை முதலாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இழுத்துக்கொண்டிருக்கையில் அவர் சட்டென்று விட்டார். பொடியன் பையோடு மல்லாக்க விழுந்தான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பகிடி ஆசிரியர் அறையில் ஒரு கிழமை ஓடியது.

நான் அப்போது பருத்தித்துறைப் பக்கம், கடற்கரையோரச் சிறிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர். இளமையிலேயே கனடாவுக்குப் போனவர். வருடத்தில் ஒருமுறை, திருவிழாக் காலத்தில் வந்து இரண்டு மாதம் நிற்பார். பிள்ளைகள் 'கனடா ஐயா' என்பார்கள். அவருடைய பெயர் தண்ணீர்த் தாங்கியில் இருந்தது, மணிக்கூட்டில் இருந்தது, கதிரைகளின் முதுகில் இருந்தது. அது போதும். நானும் ஒருதரம் எழுதத் தேவையில்லை.

பார்க்க மிகவும் துப்புரவான மனிதர். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாத காற்சட்டை, படிய வாரிய நரைமுடி. சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். தொடக்கத்தில் நான் அவரை வெறுக்கவில்லை. கொடுக்கிற மனிதரைக் காரணமில்லாமல் வெறுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரேயொரு விஷயம்தான் ஒருமாதிரி இருந்தது. படம் எடுக்கும்போது பிள்ளைகளின் கன்னத்தைத் தடவுவார், தலையில் கைவைப்பார், மூக்கொழுகுகிற குஞ்சுப் பிள்ளையையும் தூக்கி இடுப்பில் வைப்பார். பிறகு வான் வண்டியில் ஏறினதும், கதவைச் சாத்த முன்னமே, சின்னப் போத்தல் ஒன்றை எடுத்துக் கிருமி போக்குகிற அந்தத் திரவத்தை உள்ளங்கையில் ஊற்றி, முழங்கை வரைக்கும் தேய்ப்பார். விரலிடுக்கெல்லாம் தேய்ப்பார். பிள்ளைகள் வானுக்கு வெளியே நின்று, அவரைப் பார்த்தபடி, கையசைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம் கட்டித் தந்தார். எங்களுக்கு அது பெரிய விஷயம். இருந்த ஒன்று இடிந்து, பிள்ளைகள் முன் ஒழுங்கையைத் தாண்டி அந்தப் பக்கத்து வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். மேசன் மாசி மாதத்தில் வேலையை முடித்தார். ரைல்ஸ் பதித்து, தண்ணீர்க் குழாய் பூட்டி, கதவுக்கு நீலம் அடித்து, எல்லாம் சரி. ஆனால் பூட்டின் திறப்பு அவருடைய மருமகனிடம் இருந்தது. கனடா ஐயா வருவது ஆடியில். ஐந்து மாதம் அந்த நீலக் கதவு பூட்டியே கிடந்தது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராமலே நின்றார்கள்.

நான் அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

"ஐயா, திறப்பை மட்டும் தரச்சொல்லுங்கோ. நீங்கள் வந்தாப் பிறகு விழாவை வைப்பம்."

"ரீச்சர்," என்றார், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. "பாவிச்சால் அது பழசெல்லோ? புதுசாக் குடுக்கவேணும் எண்டு எனக்கொரு ஆசை."

ஆடியில் வந்து ரிபன் வெட்டினார். அவருடைய தாயாரின் பெயர் பளிங்குக் கல்லில் கதவுக்கு மேலே இருந்தது. உள்ளே போய்த் தானே தண்ணீரை இழுத்து ஊற்றிக் காட்டினார். அதையும் வீடியோ எடுத்தார்கள். எங்கள் பெண்பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று ஒரு கக்கூசுக்குக் கைதட்டினார்கள். 

அதற்காக மனிதரை முழுக்க மரக்கட்டை என்றும் சொல்லமுடியாது. ஒருநாள் இணுவிலில் இருக்கும் தன் உறவினர் வீட்டுக்குப் போகிற வழியில், என் வீடும் அங்கேதான் என்றறிந்து, வானில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியில் தானாகவே சொன்னார்.

"சின்னனிலை எங்கடை வீட்டிலை அடுப்பு மூட்டாத நாள் இருந்தது ரீச்சர். ஆரோ ஒரு மனிசன் எனக்குப் பள்ளிக்கூடச் சேட்டு ரெண்டு வாங்கித் தந்தவர். அந்த ஆளின்ரை முகம் எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை. நான் நன்றி கெட்டவன். என்னட்டை வாங்கிறதுகள் அப்பிடி ஆகக்கூடாது."

கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனம் இளகியது. இதுதானா இந்த மனிதரை இப்படி ஆட்டுகிறது என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் இப்ப சொன்னதை நீங்கள் ஒருக்கா வடிவா எழுதித் தாங்கோவன். எங்கடை அறக்கட்டளைப் பக்கத்திலை போடுவம்" என்றார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் வேறொன்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக்குப் பதினெட்டு ரப், விரலால் தொட்டு இயக்குகிற கைக்கணினி, கொண்டுவந்தார். வகுப்பில் இருந்ததும் பதினெட்டுப் பிள்ளைகள்தான். நல்ல சாமான். கணிதப் பாடங்களும் கடந்தகால வினாத்தாள்களும் அதற்குள் போட்டுத் தரலாம் என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கொரோனாக் காலத்தில் ஒரு கைத்தொலைபேசியை நாலு சகோதரங்கள் பங்கு போட்டுப் படித்த பிள்ளைகள் அவர்கள்.

கொடுக்கிற அன்று ஒவ்வொரு பிள்ளையும் கமெராவுக்கு முன்னால் இரண்டு வரி சொல்லவேண்டும் என்றார். பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், களைத்துப்போனவர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது.

"ரீச்சர், பிள்ளையளுக்கு ரெண்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்து விடுங்கோ. உந்த ஐயா மனம் குழம்பினால் பிறகு கஷ்டம்."

பதினெட்டுத் துண்டு எழுதினேன். நிதுசாவின் முறை வந்தபோது கனடா ஐயா பக்கத்தில் வந்து நின்றார். நிதுசா வகுப்பில் கெட்டிக்காரி, வாய்க்காரி. கணக்குச் செய்யும்போது ஒரு காலை மடித்துக் கதிரையில் வைத்தால்தான் அவளுக்கு மூளை ஓடும்.

"இந்தப் பிள்ளைக்கு வீட்டிலை என்ன பிரச்சினை?" என்று என்னிடம் கேட்டார்.

"தாய் கருவாடு போடுறவ. தேப்பன் வீட்டிலை இல்லை."

"இல்லையோ?"

"வீட்டிலை இல்லை ஐயா. ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்லை. அவர் முல்லைத்தீவுப் பக்கம் கடல்தொழிலுக்குப் போயிட்டார்."

"அப்ப அதைப் போடுங்கோ. 'எனக்கு அப்பா இல்லை' எண்டு துவங்கட்டும்."

நான் எழுதினேன். 'வீட்டில்' என்ற ஒரு சொல்லைத்தான் விட்டேன். பொய் எழுதவில்லை, சுருக்கி எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துண்டை வாங்கி வாசித்த நிதுசா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அடுத்த பிள்ளையின் துண்டை எழுதத் தொடங்கினேன்.

அவளை மூன்று தரம் சொல்லவைத்தார். மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது.

அவர் கனடாவுக்குப் போன பிறகுதான் அந்த ரப்புகளை வகுப்பில் சரியாகத் திறந்து பார்த்தோம். திறந்தவுடன் திரை முழுக்க அவருடைய படம். கைகட்டி, தலையைச் சற்றுச் சாய்த்து, பளிச்சென்ற சிரிப்பு. அந்தப் படத்துக்கு மேலே சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றில் அவருடைய அறக்கட்டளையின் இணையப் பக்கம். ஒன்றில் தாயாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர். இன்னொன்றில் அவர்களுடைய கோயில் திருவிழா நேரலை. மருமகனின் கல்யாண மண்டப விளம்பரமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே பெரிய கட்டமாக 'நன்றி'. மூன்று தரம் விரலால் தள்ளினால்தான் கணிதம் வரும். அதற்கிடையில் பிள்ளைகள் எங்கெங்கோ நின்றுவிடுவார்கள். ஒருத்தி நினைவு மலரில் தேவாரம் வாசித்துக்கொண்டிருப்பாள், ஒருத்தன் மண்டபத்தின் சோடனையைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். நாற்பது நிமிடப் பாடத்தில் பதினைந்து நிமிடம் இப்படிப் போகும்.

அதைக்கூடப் பொறுக்கலாம். 'நன்றி' என்ற கட்டத்தைத் தொடத் தேவையில்லை. ரப்பைத் திறந்தாலே அதிலுள்ள வீடியோ தானாக ஓடும். ஆகக் கூடுதலான சனம் பார்த்த வீடியோ முதலில் ஓடும். அது நிதுசாவினுடையது.

ஒவ்வொரு நாளும் காலையில், பதினெட்டு மேசையில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அவளுடைய குரல். "எனக்கு அப்பா இல்லை. எனக்கு அப்பா இல்லை. எனக்கு அப்பா இல்லை." முதல் நாள் பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். இரண்டாம் நாள் சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு பழகிவிட்டது. இரண்டு பெடியள் அவள் அழுகிறமாதிரியே சொல்லிக் காட்டவும் தொடங்கினார்கள். நான் அவர்களை ஏசினேன். ஏசும்போது என்னுடைய கையெழுத்தில் இருந்த அந்தத் துண்டுதான் எனக்கு நினைவில் வந்தது.

அந்த வீடியோ தேப்பனிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. தாய் எனக்கு ஒழுங்கையில் வைத்துச் சொன்னா.

"மீன்வாடியிலை ஆரோ காட்டியிருக்கினம் ரீச்சர். அண்டைக்கே போன் எடுத்தார். 'நான் செத்தது எனக்குத் தெரியாமல் போச்சே' எண்டார். வேறை ஒண்டும் கதைக்கேல்லை. எனக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கட்டும். ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா வந்து, பஸ் ஸ்ராண்டிலை நிண்டு, பிள்ளையைப் பாத்து, பற்றீஸ் வாங்கிக் குடுத்து, அரைமணித்தியாலம் கதைச்சிட்டுத்தான் போறவர். அதுவும் நிண்டுபோச்சு."

அவ என்னைக் குற்றம் சொல்லவில்லை. துண்டு எழுதியது நான் என்று மகள் வீட்டில் சொல்லவில்லை போலும்.

நிதுசா ரப்பைத் திறப்பதை விட்டுவிட்டாள். கொப்பியில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். தவணைப் பரீட்சையில் எண்பதுக்குக் குறையாதவள் முப்பத்தெட்டு எடுத்தாள்.

அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு பதினெட்டு ரப்பையும் ஆசிரியர் அறை மேசையில் அடுக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு இவற்றைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அது ஆடும், இழுத்து மேலே கொண்டுபோனால் 'அகற்று' என்று வரும், அவ்வளவுதான் தெரியும். முதலில் 'நன்றி'யை அகற்றினேன். அது போகாது என்றுதான் பயந்தேன். போய்விட்டது. பிறகு மண்டபம், திருவிழா, நினைவு மலர். இரண்டொன்று அழிய மறுத்தன. அவற்றை ஒரு கோப்புக்குள் போட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினேன். அறிவித்தல் மணிச் சத்தங்களை நிறுத்தினேன். கடைசியாக அவருடைய முகம். அதற்குப் பதிலாக வெறும் சாம்பல் நிறம் போட்டேன். கணிதம், விஞ்ஞானம், வினாத்தாள், அகராதி, மணிக்கூடு. ஐந்து கட்டம் மட்டும், ஒரே வரிசையில். பதினெட்டாவதை முடித்தபோது கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

அடுத்த நாள் பிள்ளைகள் திறந்து பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைத் திரையையும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன ரீச்சர், முற்றம் கூட்டி விட்டமாதிரிக் கிடக்கு?" என்றான் ஒருத்தன்.

"இருந்து படியுங்கோ," என்றேன்.

ஒரு நிமிடத்தில் எல்லாரும் கணக்குக்குள் போய்விட்டார்கள். நிதுசா தன்னுடையதை இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்தாள். சத்தம் வரவில்லை என்று நிச்சயமான பிறகு ஒரு காலை மடித்துக் கதிரையில் வைத்தாள்.

ஏழெட்டு மாதம் நன்றாகப் போனது. அவர்கள் பதினோராம் வகுப்புக்கு ஏறினார்கள். ஆடி வந்தது. அவரும் வந்தார்.

வகுப்புக்குள் நுழைந்து, முன் மேசையில் இருந்த பிள்ளையின் ரப்பைக் கையில் எடுத்தார். கமெராக்காரன் பின்னால் நின்றான். அவர் திரையைத் தொட்டார், பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி திருப்பினார்.

"என்ரை படம் எங்கை?"

பிள்ளைகள் குனிந்து மேசையைப் பார்த்தார்கள்.

"ஆர் எடுத்தது?"

 இதை எழுதும்போது துணிச்சல்காரிமாதிரி எழுதலாம். ஆனால் அப்போது நான் சோக்கட்டியைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, திரும்பத் திறந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்த பிறகுதான் சொன்னேன்.

"நான்தான் ஐயா. திறந்தவுடனை பாடம் வரவேணும். இல்லாட்டில் பிள்ளையளின்ரை கவனம் சிதறுது."

"என்ரை முகத்தைப் பாத்தால் கவனம் சிதறுமோ?"

பின்வரிசை வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருடைய காது சிவந்தது. அப்போதும் முகத்தில் சிரிப்புப் போகவில்லை. "அதிபரின்ரை அறைக்கு வாங்கோ ரீச்சர்," என்றார்.

அங்கே அவர் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவருடைய விசேஷம். கதிரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"படம் போனால் போகட்டும். நான் அப்பிடியான ஆளில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின்ரை வீடியோவை எடுத்தது பிழை. அது சனம் பாத்து அழுத வீடியோ. நோர்வேயிலை இருந்து ஒரு மனிசி எனக்குப் போன் எடுத்து, கதைக்க ஏலாமல் அழுதவ. அதாலைதான் இன்னும் நாலு பள்ளிக்கூடத்துக்குச் செய்யக்கூடியதா இருந்தது. இந்தமுறை அதே பிள்ளையை வைச்சு இன்னொண்டு எடுக்கவேணும். ஒரு வருஷத்துக்குப் பிறகு எப்பிடி இருக்கிறாள் எண்டு. தாயையும் கூப்பிடுங்கோ, பக்கத்திலை இருத்துவம்."

அதிபர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஆளனுப்பினார்கள்.

தாய் வேலையில் இருந்து அப்படியே வந்திருந்தா. முன்கையில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அறைக்குள் அந்த வாசம் வந்தது. கனடா ஐயா கதிரையைப் பின்னுக்குச் சற்றுத் தள்ளினார். நிதுசா வாசலில் நின்றாள். அதிபர் விஷயத்தைச் சுற்றிவளைத்துச் சொன்னார். தாய் முழுவதையும் கேட்டா. பிறகு அவரை நேரே பார்த்துச் சொன்னா.

"ஐயா, குறை நினையாதேங்கோ. இவளின்ரை தேப்பன் உயிரோடை இருக்கிறார். போன வருஷம் இவள் அப்பிடிச் சொன்னதாலை அந்த மனிசன் இஞ்சாலை வாறதில்லை. திரும்ப அதைச் சொல்லவேண்டாம்."

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன வெட்கம், ஒரு சின்னத் திடுக்கிடல், ஏதாவது வரும் என்று நினைத்தேன். அவர் நாடியைத் தடவி யோசித்தார். யோசித்து முடித்ததும் முகம் தெளிந்தது.

"உயிரோடை இருக்கிறாரோ? அப்ப இன்னும் நல்லது. விட்டிட்டுப் போனவர் எண்டு சொல்லுவம். அது சனத்துக்கு இன்னும் கூடப் பிடிக்கும்."

 அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். தாய் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தா. நெடுநேரம் துடைத்தா.

"நிதுசா," என்றா. "அதைக் கொண்டுவந்து குடுத்திட்டு வா. நாங்கள் போவம்."

நிதுசா வகுப்புக்குப் போய்த் தன் ரப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். எறியவில்லை, தட்டவில்லை. மெதுவாக வைத்துவிட்டுத் தாயோடு போனாள்.

அவர்கள் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டியிருக்கமாட்டார்கள். கனடா ஐயா பைக்குள் இருந்து ஈரக் கடதாசித் துண்டு ஒன்றை எடுத்து அந்தத் திரையைத் துடைத்தார். அவள் பிடித்திருந்த ஓரங்களை, பின்பக்கத்தை, மூலைகளை, வானில் ஏறிக் கையைத் தேய்ப்பாரே, அதே கவனத்தோடு துடைத்தார். "நல்லா வைச்சிருந்திருக்கிறாள்," என்று பாராட்டவும் செய்தார். நான் வெளியே போய் வேம்படியில் நின்று துப்பினேன். துப்பத் துப்ப வாயில் ஊறிக்கொண்டேயிருந்தது.

மற்றப் பதினேழு பிள்ளைகளும் தங்கள் ரப்பை வைத்துக்கொண்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. அடுத்த நாள் மருமகன் வந்து பழையபடி முகத்தையும் கட்டங்களையும் ஏற்றிவிட்டுப் போனான். வீடியோவையும் ஏற்றினான். நான் தடுக்கவில்லை. தடுக்கிற துணிவு எனக்கு இருக்கவில்லை என்பதுதான் உண்மை. நிதுசாவின் ரப் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குப் போனது. அதற்கும் படம் எடுத்தார்கள்.

ஆனால் அவர் விமானம் ஏறின மறுநாள் வகுப்புக்குப் போனபோது சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அழுகிறமாதிரிச் சொல்லிக் காட்டிய அந்த இரண்டு பெடியளும் முந்தின நாளே எல்லாருடைய ரப்பையும் வாங்கி முகத்தையும் வீடியோவையும் அகற்றிவிட்டிருந்தார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நிதுசா பக்கத்து மேசைப் பிள்ளையோடு சேர்ந்து படித்தாள். மிச்சத்துக்கு நான் வினாத்தாள்களைப் பிரதியெடுத்துக் கொடுத்தேன். கணிதத்தில் அவள் நல்ல பெறுபேறுதான் எடுத்தாள். இப்போது உயர்தரம் படிக்கிறாள். நான் வட்டுக்கோட்டைப் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். அவர் இன்றைக்கும் ஆடியில் வருகிறார், கொடுக்கிறார் என்று கேள்வி.

ஒன்று மட்டும் எனக்குச் செய்யக் கிடந்தது. நிதுசா ரப்பைத் திருப்பிக் கொடுத்த வருடத்துக் கார்த்திகை விடுமுறை நாளொன்றில், தாயிடம் விலாசம் கேட்டு, இரண்டு பஸ் மாறி முல்லைத்தீவுக்குப் போனேன். கடற்கரையில் ஓலை வேய்ந்த வாடி ஒன்றில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தேப்பனைக் கண்டுபிடித்தேன். மெலிந்த மனிதர். நான் ஆரென்று சொன்னதும் எழும்பி நின்றார்.

"நிதுசாவுக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்லை. நீங்கள் இருங்கோ. நான் ஒரு விஷயம் சொல்ல வந்தனான். அந்த வீடியோவிலை அவள் சொன்னதை எழுதிக் குடுத்தது நான்."

அவர் திரும்பவும் உட்கார்ந்தார். ஊசியை நூலோடு வலையில் குத்திவைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். 'வீட்டில்' என்ற சொல்லை விட்டதையும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடிந்த பிறகு, "ஆர் அந்த ஆள்? பேரென்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். அவருடைய முகம் ஒருமாதிரிப் போனது. சேட்டுப் பொக்கற்றில் இருந்து கைத்தொலைபேசியை எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் தேடி, என்னிடம் நீட்டினார்.

அதே அறக்கட்டளையின் பக்கம். கனடா ஐயா நிற்கிறார், சிரிக்கிறார். ஒரு சிப்பம் வலையின் ஒரு பக்கத்தில் அவருடைய கை, மறுபக்கத்தில் இந்த மனிதரின் கை. கீழே எழுதியிருந்தது: 'மகளின் படிப்புக்காகக் கடலோடு போராடும் ஒரு தந்தை.' மகளின் வீடியோ போட்டு மூன்று கிழமைக்குப் பிறகு போட்ட படம்.

"இஞ்சை மீனவர் சங்கத்துக்கு வந்து பன்ரண்டு பேருக்கு வலை குடுத்தவர்," என்றார். "பிள்ளையள் இருக்கோ எண்டு கேட்டார். ஓம், ஒரு மகள் எண்டு சொன்னனான். அப்ப நான் அந்த வீடியோவைப் பாத்திருக்கேல்லை. அவளுக்கு நானில்லை, எனக்கு அவள் இருக்கிறாள். ரெண்டையும் ஒரே ஆள்தான் போட்டிருக்கிறார்."

நான் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.  அவர் மடியில் கிடந்ததும் அந்த வலைதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"இதை வைச்சுத்தானோ இப்பவும் தொழில் செய்யிறியள்?"

"வேறை என்ன செய்யிறது? கொழுத்திப்போட்டு இருக்க ஏலுமோ?" வலையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். "நல்ல வலை ரீச்சர். பொய் சொல்லக்கூடாது."

 பிறகு, என்னைப் பாராமல், கேட்டார்.

"அவள் அதைச் சொல்லேக்கை அழுதவள்தானே. படத்திலை பாத்தன்."

"அது மூண்டாந்தரம்," என்றேன். "முதல்தரம் சொல்லேக்கை அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது. ரெண்டாந்தரமும் சிரிச்சவள். நீங்கள் இருக்கேக்கை இல்லையெண்டு சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது. அதுக்குத்தான் அந்த ஐயா ஏசினவர். ஏசினபிறகு வந்த அழுகை அது."

"சிரிச்சவளோ?"

"ஓம். ரெண்டுதரமும்."

அவர் எழும்பிப் போய்க் கடலைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்துவிட்டு வந்தார். அன்று பின்னேரமே மகளுக்குத் தொலைபேசி எடுத்தார் என்று பிறகு அறிந்தேன். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. தை மாதத்தில் பருத்தித்துறை பஸ் ஸ்ராண்டில் இரண்டு பேரையும் கண்டதாக ஒரு ஆசிரியை சொன்னா.

நான் வெளிக்கிடும்போது விடியப் பட்ட மீனில் இரண்டு விளைமீனைப் பையில் சுற்றித் தந்தார். வேண்டாம் என்றேன். "வெறுங்கையோடை போகக்கூடாது," என்று கையில் திணித்தார். திணித்த கையோடு விட்டுவிட்டுத் திரும்பி வலைக்குப் போனார். பஸ் முழுக்க அந்த மீன் மணத்தது. பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழும்பிப் போனாள். எந்த வலையில் பட்ட மீன் என்று எனக்குத் தெரியும். இறங்கும்போது விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன், பரந்தனில் ஒருதரம், கொடிகாமத்தில் ஒருதரம்.

வீட்டுக்கு வந்து செதில் தட்டி, பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தேன். நல்ல பச்சை மீன். முள்ளை ஒதுக்கி ஒதுக்கி முழுவதையும் சாப்பிட்டேன்.